காத்தான் கேட்ட ரோடு ரோலர்

தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கே ஏலம் நடந்தாலும் முன்வரிசையில் ஒரு நாற்காலி துரைராசுவுக்கு என்று ஒதுக்கியிருக்கும். யாரும் ஒதுக்கவில்லையென்றால் அவரே ஒதுக்கிக்கொள்வார். ஏலம் என்றால் மற்றவர்களுக்கு மலிவாகச் சாமான் கிடைக்கும் இடம். துரைராசுவுக்கு அது தன் பெயரைச் சர்க்கார் ஆள் ஒருவன் மூன்று தரம் உரக்கக் கூவும் இடம்.

அப்படிக் கூவவைத்து அவர் கொண்டுவந்த சாமான்களுக்கு இடம் போதாமல் வீட்டு மனிதர்கள் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். கூடத்தின் நடுவே பல் டாக்டர் நாற்காலி ஒன்று. நாகப்பட்டினத்தில் டாக்டர் காலமானபின் ஏலத்துக்கு வந்தது. அதில் சாய்ந்து, காலால் ஒரு மிதியை அழுத்தி, தன்னை மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டுதான் துரைராசு பண்ணை ஆட்களிடம் பேசுவார். கொல்லையில் முத்துப்பேட்டையிலிருந்து வந்த நங்கூரம். கடல் இருபது மைலுக்கு அப்பால். அவர் மனைவி ஞானாம்பாள் அதன் மேல் ஈரத்துணி காயப்போடுவாள். வாசலில் மாயவரம் ரயில்வே ஏலத்தில் எடுத்த கைகாட்டி மரம். கை இறங்கியிருந்தால் ஐயா வந்தவர்களைப் பார்ப்பார் என்று அர்த்தம். ஏறியிருந்தால் ஐயா சாப்பிடுகிறார்.

இந்த வரிசையில் அடுத்ததாக அவர் கண்வைத்தது வலங்கைமான் பயணியர் மாளிகை வளாகத்தில் கிடந்த ரோடு ரோலர். வெள்ளைக்காரன் காலத்து ஆவி இஞ்சின். பல வருஷங்களாக ஓடவில்லை. புகைபோக்கிக்குள் மைனா குஞ்சு பொரித்திருந்தது. பின்சக்கரம் பாதி மண்ணுக்குள் இறங்கியிருந்தது. தை பிறந்ததும் அதையும், கழித்துக்கட்டிய வேறு சில சாமான்களையும் தாசில்தார் ஏலம் விடப்போகிறார் என்று தமுக்கு அடித்தார்கள்.

"அதை வச்சு என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டாள் ஞானாம்பாள்.

"களம் அமுக்கலாம்."

"களம் அமுக்க மாடு இல்லியா?"

"மாடு எல்லார்கிட்டயும் இருக்கு. ரோலர் யார்கிட்ட இருக்கு?"

"இருக்கிற நிலத்துக்கே பயந்து பயந்து சாகறீங்க. இதுல இரும்பு மலை வேற."

அந்தக் கடைசிப் பேச்சு துரைராசுவுக்குப் பிடிக்கவில்லை. உண்மையாக இருந்ததுதான் காரணம்.

நிலத்துக்கு உச்சவரம்பு பதினைந்து ஏக்கர் என்று சட்டம் வந்திருந்த சமயம் அது. ஜில்லா முழுக்கக் கொடியாகப் பறந்தது. கூலியை உயர்த்து என்று ஒரு கொடி, உழுதவனுக்கே நிலம் என்று ஒரு கொடி, சட்டத்தைக் கொண்டுவந்ததே நாங்கள்தான் என்று ஒரு கொடி. துரைராசு எந்தக் கொடிக்கும் விரோதி இல்லை. எந்தக் கூட்டம் என்றாலும் நன்கொடை கொடுத்தார். பதினைந்து ஏக்கரைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு மிச்சத்தை உயிரோடிருப்பவர், செத்தவர், சிங்கப்பூரில் இருப்பவர் என்று எந்தப் பேதமும் பாராமல் பிரித்து எழுதிவைத்தார். சமத்துவத்தில் அவருக்கு அவ்வளவு பற்று. ஞானாம்பாளின் தாயார் தர்மாம்பாள் செத்து எட்டு வருஷம் கழித்து நான்கு ஏக்கருக்குச் சொந்தக்காரி ஆனாள்.

"உசிரோட இருந்தப்ப எங்கம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துக் குடுத்தீங்களா?" என்று அப்போது ஞானாம்பாள் கேட்டாள். துரைராசு அடுத்த பத்திரத்தை எடுத்தார்.

பண்ணையில் பரம்பரையாக வேலை பார்த்த காத்தான், தங்கையன், நாகம்மாள் மூவர் பெயரிலும் ஆளுக்கு இரண்டு ஏக்கர் ஏறியது. காத்தானுக்கு விழுந்தது வாய்க்காலை ஒட்டிய நல்ல பூமி. ஏறியதெல்லாம் பெயர்தான். விளைந்தது வழக்கம்போலப் பண்ணை வீட்டுப் பத்தாயத்துக்கே போயிற்று. அறுத்தவர்களுக்கு அறுப்புக் கூலி. தன் நிலத்தில் தானே கூலிக்கு அறுக்கும் வித்தையை இந்த ஜில்லாவைத் தவிர வேறெங்கே பார்க்கமுடியும்?

அதிகாரிகள் வந்து விசாரித்தால் உளறிவிடக் கூடாதே. அதனால் துரைராசு பாடம் நடத்தினார். வெள்ளிக்கிழமைதோறும், பல் டாக்டர் நாற்காலியில் உயர்ந்து அமர்ந்து.

"அந்த வாய்க்காலோர நிலம் யாருதுடா?"

"ஐயாவுதுங்க" என்றான் காத்தான்.

"மடையா! ஐயாவுதுன்னு சொன்னா ஐயா கோர்ட்டுக்குப் போவாரு. என் நிலம்னு சொல்லு."

"என் நிலம்ங்க ஐயா."

"என்னடா குழையிற? நிலம் வச்சிருக்கிறவன் அப்படியா பேசுவான்? என்னைப் பாரு. நெஞ்சை நிமித்து. என் நிலம்! சொல்லு."

"என் நிலம்" என்றான் காத்தான், நாற்காலியின் மிதியைப் பார்த்துக்கொண்டு.

"மிதி கிட்ட சொல்லாதடா. ஆளைப் பாத்துச் சொல்லு!"

மாணவர்களிலேயே நாகம்மாள்தான் தொந்தரவு. "ஏங்க ஐயா, என் நிலம்னா நடவு நட்டதுக்குக் கூலி யாரு தரணும்? எனக்கு நானே குடுத்துக்கவா?"

"பாடத்துல இல்லாததைக் கேக்காத."

துரைராசு எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். நிலம் வைத்திருப்பவன் சட்டை போடாமல் இருப்பானா என்று காத்தானுக்கும் தங்கையனுக்கும் ஆளுக்கொரு வெள்ளைச் சட்டை தைத்துக்கொடுத்தார். தீர்வைப் பணத்தைத் தானே கொடுத்து, அவரவரே போய்ப் பட்டாமணியாரிடம் கட்டி, அவரவர் பெயருக்கு ரசீது வாங்கி, அவரவர் வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார். திடீரென்று அதிகாரி வந்து கேட்டால் ரசீது அவரவர் குடிசைக் கூரையிலிருந்து வர வேண்டும், பண்ணை வீட்டுப் பெட்டியிலிருந்து வரக் கூடாது. ஜில்லாவிலேயே இவ்வளவு சுத்தமான பொய்யை யாரும் கட்டியதில்லை என்று அவருக்குப் பெருமை.

ஏல நாளும் வந்தது. வயலில் சம்பா முற்றித் தலைசாய்ந்து நின்றது. அறுப்புக்கு நாள் நெருங்கிவிட்டது. துரைராசு ஜவ்வாதுப் பொட்டும் சரிகை வேட்டியுமாக முன்வரிசையில் உட்கார்ந்தார். ரோலரைத் தூக்கிக்கொண்டுதான் ஊர் திரும்புவேன் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். ஆகவே வேடிக்கை பார்க்கப் பெருங்கூட்டம். அதை அவர் எப்படித் தூக்குவார் என்பதைப் பார்க்க வந்தவர்கள்தான் பாதிப்பேர்.

தாசில்தார் மேஜைக்குப் பின்னால் எழுந்தார். காலத்துக்கேற்ற மனிதர். பந்தியில் மோர் கேட்பதைக்கூட அடுக்குமொழியில் கேட்பார். "ஏற்றமிகு ஏலத்திற்கு எழுச்சியோடு எழுந்தருளியிருக்கும் எம் இனிய மக்களே!" என்று ஆரம்பித்து, ஒரு ரோலரைப் பற்றிச் சொல்லக்கூடியதற்கு மேலும் சொல்லிவிட்டு, நிபந்தனைக்கு வந்தார். சாமான் எங்கே எப்படிக் கிடக்கிறதோ அங்கே அப்படியே. எடுத்துப்போவது எடுத்தவர் பாடு. ஏலம் கேட்பவர் முன்பணம் கட்ட வேண்டும். நிலம் உள்ளவர் என்றால் கட்ட வேண்டாம். தன் பெயருக்குள்ள தீர்வை ரசீதைக் காட்டி, அதே ஊர்க்காரர் ஒருவர் எழுந்து 'நிலம் இவருடையதுதான்' என்று சபையறியச் சொன்னால் போதும்.

இந்தக் கடைசிச் சலுகை துரைராசுவின் கைங்கரியம். முன்பு ஒரு ஏலத்தில் குமாஸ்தா ஒருவர் அவரிடம் முன்பணம் கேட்டுவிட்டார். "மிராசுதாரன்கிட்ட முன்பணமா? என் நிலம் ஓடியா போயிடும்?" என்று துரைராசு போட்ட சத்தத்தில் அன்றைய ஏலமே நின்றுபோயிற்று. மேலிடம் வரை மனுப் போட்டு இந்தச் சலுகையை வாங்கிவந்தார். அன்று முதல் ஒவ்வொரு ஏலத்திலும் அது வாசிக்கப்படும்போது அவர் லேசாகத் தலையசைத்து ஏற்றுக்கொள்வது வழக்கம். இன்றும் அசைத்தார்.

"முதல் உருப்படி, ரோடு ரோலர் ஒண்ணு!" என்று கூவினான் டவாலி மருதையன்.

முத்துப்பேட்டையிலிருந்து வந்திருந்த பழைய இரும்பு வியாபாரி சேக் தாவூது ரோலரைச் சுற்றி ஒரு நடை நடந்து, சக்கரத்தில் காலால் இரண்டு தட்டுத் தட்டி, இரும்பு விலைக்கு ஒரு தொகை சொன்னார். துரைராசு திரும்பிக்கூடப் பார்க்காமல் அதற்கு மேல் நூறு என்றார். இரும்பைப் பார்க்காமல் கேட்பதுதான் அவர் தோரணை. தாவூது ஒரு ஐம்பது ஏற்றினார். துரைராசு இன்னொரு நூறு. தாவூது தாடியைத் தடவிக்கொண்டார்.

"துரைராசு ஐயா ஒரு தரம்!" என்றான் மருதையன். துரைராசு கண்ணை மூடிக்கொண்டார். இந்த இடம்தான் அவருக்குப் பிடித்த இடம்.

"அதுக்கு மேல பத்து ரூவாங்க."

குரல் கூட்டத்தின் பின்னாலிருந்து வந்தது. துரைராசு கண்ணைத் திறந்தார். அவர் தைத்துக்கொடுத்த சட்டை ஒன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. அதற்குள் காத்தான் இருந்தான்.

"டேய், நீ எங்கடா இங்க?"

"ஏலம் கேக்கலாம்னுங்க."

கூட்டம் சிரித்தது. துரைராசுவும் சிரித்தார், பெருந்தன்மையாக. தாசில்தார் சிரிக்கவில்லை. சாமானியன் எவனையும் சிரித்து அனுப்பக்கூடாது என்று அந்த வாரம்தான் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது.

"வாங்க, முன்னால வாங்க" என்றார். "முன்பணம் கட்டறீங்களா?"

"இல்லீங்க. நிலம் இருக்குங்க."

காத்தான் சட்டைப் பையிலிருந்து தீர்வை ரசீதை எடுத்து மேஜைமேல் வைத்தான். தாசில்தார் வாங்கிப் படித்தார். பக்கத்துக் குமாஸ்தாவும் எட்டிப் படித்தார். துரைராசுவின் ஜவ்வாதுப் பொட்டு வேர்வையில் கரைய ஆரம்பித்தது.

"நிலம் யாருடையது?" என்று கேட்டார் தாசில்தார்.

காத்தான் நிமிர்ந்தான். நெஞ்சு நிமிர்ந்தது. மிதியைப் பார்க்கவில்லை. ஆளைப் பார்த்தான்.

"என் நிலம்."

ஒரு குழைவு இல்லை. ஒரு 'ங்க' இல்லை. அத்தனை வெள்ளிக்கிழமைகளின் உழைப்பு அந்த இரண்டு வார்த்தையில் ஜொலித்தது. ஆசிரியர் என்ற முறையில் துரைராசுவுக்கு ஒரு கணம் பெருமிதம்கூட எழுந்தது. மறுகணம் உச்சவரம்பு நினைவுக்கு வந்தது.

"ஊர்க்காரர் யாராவது உறுதி சொல்லணும்" என்றார் தாசில்தார்.

"எங்க ஊர் பெரியவரு முன்னாலயே உக்காந்திருக்காருங்க. ஐயாவுக்குத் தெரியாததா?" என்றான் காத்தான், மிகுந்த மரியாதையோடு.

எல்லோரும் துரைராசுவைப் பார்த்தார்கள். அவர் தாசில்தாரைப் பார்த்தார். ஏலம் விடுகிறவரும் இவர்தான். உச்சவரம்புக் கணக்கைப் பிரித்துப் பார்க்கிறவரும் இவர்தான். இல்லை, அது என் நிலம் என்றால், அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? காத்தானின் இரண்டு ஏக்கரோடு அது நிற்குமா? சிங்கப்பூர் போகும். சுடுகாட்டில் போய்த் தர்மாம்பாளை எழுப்பும். ஆமாம் என்றால் இரண்டு ஏக்கரோடு போயிற்று. போய்விடாது, சும்மா ஏலத்துக்காகச் சொல்வதுதானே, நாளைக்கு இவனைக் கூப்பிட்டு ஒரு அறை விட்டால் சரியாகிவிடும் என்றும் மனசின் ஒரு மூலை சொன்னது. அந்த மூலையை நம்பி எழுந்தார்.

"ஆமா. இவன்..." என்றார். தாசில்தாரின் புருவம் லேசாக ஏறியது. "இவரு நிலம்தான்."

"பின்னால கேக்கல ஐயா!" என்று யாரோ கூவினார்கள்.

"இவரு நிலம்தான்!"

"பயிரையும் சேத்துச் சொல்லிடுங்க ஐயா" என்றான் காத்தான். "நிலம் ஒருத்தருது, பயிர் ஒருத்தருதுன்னு யாரும் சந்தேகப்படக் கூடாது பாருங்க."

"நியாயமான நினைப்பு" என்றார் தாசில்தார்.

"பயிரும் அவருதுதான்" என்று சொல்லிவிட்டு துரைராசு உட்கார்ந்தார். உட்கார்ந்தது என்று சொல்வதைவிட, நாற்காலி அவரைப் பிடித்துக்கொண்டது என்பதே சரி.

ஆனால் மனிதன் விசித்திரமான பிராணி. இரண்டு ஏக்கர் கையைவிட்டு நழுவுகிற வேளையில் துரைராசுவின் மண்டையைக் குடைந்தது நிலம் இல்லை. இவனுக்கு எதற்கு ரோலர்? அந்தக் கேள்விதான் குடைந்தது. ஓடாத இஞ்சின். மைனா குடியிருக்கும் இஞ்சின். கூழுக்கு உப்பு வாங்க யோசிக்கிறவன் அதைக் கேட்கிறான் என்றால் அதற்குள் ஏதோ இருக்கிறது. புதிதாக ரோடு வருகிறதா? குத்தகை தருகிறார்களா? கொதிகலனுக்குள் வெள்ளைக்காரன் எதையாவது வைத்துவிட்டுப் போனானா? தெரிந்தாலொழிய இனித் தூக்கம் வராது.

மருதையன் மறுபடி ஆரம்பித்தான். துரைராசு நூறு ஏற்றினார். காத்தான் பத்து ஏற்றினான்.

"டேய் காத்தான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "எதுக்குடா உனக்கு இது?"

"களத்துக்குங்க."

"ரெண்டு ஏக்கர் நெல்லுக்கு எதுக்குடா இவ்ளோ பெரிய ரோலரு?"

"ஐயாவும் களத்துக்குத்தானே வாங்கறீங்க? நல்லதில்லாமலா ஐயா வாங்குவீங்க?"

பக்கத்தில் சேக் தாவூது தன் ஆளிடம் சொல்வது கேட்டது. "பண்ணையாளு பத்துப் பத்தா ஏத்துறான்டா. அவனுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு." தாவூதும் ஒருமுறை ஏற்றிப் பார்த்தார். அதற்கு மேல் இரும்புக்குத் தாங்காது என்று ஒதுங்கி, எதையும் விடாமல் பார்ப்பதற்கு வசதியாக, ஏலத்துக்குக் கிடந்த மண்வெட்டிக் குவியல்மேல் உட்கார்ந்துகொண்டார். கூட்டத்தில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். புகைபோக்கிக்குள் புதையல் என்றான் ஒருவன். மந்திரி கேட்டிருக்கிறாராம், காத்தான் பினாமியாம் என்றான் இன்னொருவன். அதைக் கேட்டுக் காத்தான் மட்டும் வாய்விட்டுச் சிரித்தான்.

நூறு, பத்து. நூறு, பத்து. கடைசியில் துரைராசு பொறுமையிழந்து எழுந்து, முழுசாக ஆயிரத்தை ஏற்றினார். எல்லோரும் காத்தானைப் பார்த்தார்கள். அவன் ரோலரை ஒருதரம் மேலிருந்து கீழ் பார்த்தான். மைனாவைப் பார்த்தான். பிறகு கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஐயாவே எடுத்துக்கட்டும்."

"துரைராசு ஐயா ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கூவல் துரைராசுவின் காதில் விழவில்லை. நேரே காத்தானிடம் போனார். அவர் நிலம், பயிர், மானம் எல்லாம் வரிசையில் நிற்க, முதலில் கேட்டது இதைத்தான்.

"இப்பவாவது சொல்லுடா. ரோலர்ல என்ன இருக்கு?"

"மைனாங்க."

"அப்ப ஏன்டா கேட்ட?"

"எனக்கு எதுக்குங்க ரோலரு? நாலு மாடு சுத்துனா களம் கெட்டிப்படப் போவுது." காத்தான் ரசீதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். "ஒரு வார்த்தைதாங்க எனக்கு வேண்டியிருந்துச்சு. அதை நானே சொன்னா யாரு நம்புவா? ஐயா சொன்னாத்தான் ஊரு நம்பும். ஐயாவை வேற எங்கங்க சபையில எழுந்து பேசவைக்க முடியும்? கூட்டத்துக்குக் கூப்பிட்டா நன்கொடை குடுத்துட்டுப் போயிடுவீங்க."

"உனக்குச் சொல்லிக்குடுத்ததே நான்டா!"

"ஆமாங்க. நல்லா சொல்லிக்குடுத்தீங்க. நாளைக்கு வாய்க்காலோரம் அறுப்பு வச்சிருக்கேன். ஐயா வந்தா மோர் குடிச்சிட்டுப் போங்க."

துரைராசு ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் தாசில்தார் புன்னகையோடு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

"ஐயா" என்று தாவூது மண்வெட்டிக் குவியலிலிருந்து கூப்பிட்டார். "ரோலரை எப்ப எடுக்கறீங்க? தோண்டி ஏத்த ஆள் வேணும்னா சொல்லுங்க. இல்ல, எனக்கே குடுக்கறதுன்னாலும் சரி. இரும்பு விலைதான் தருவேன்."

"ரெண்டாவது உருப்படி!" என்று கூவினான் மருதையன். "தண்ணி இறைக்கிற ஆயில் இஞ்சின் ஒண்ணு!"

ஆயில் இஞ்சின் நல்ல நிலையில் இருந்தது. வியாபாரிகள் இரண்டுபேர் நெருங்கினார்கள். அப்போது பெண்கள் நின்ற பக்கத்தில் சலசலப்பு. சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு நாகம்மாள் வந்துகொண்டிருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தபடியே நடந்தாள்.

"முன்பணமாம்மா, நிலமா?" என்று கேட்டார் தாசில்தார்.

"நிலம்தாங்க. மேட்டு நிலம். தண்ணி ஏறாது, அதான் இஞ்சின் பாக்க வந்தேன்." முடிச்சிலிருந்து ரசீது வந்தது. வியர்வையில் நனைந்து, எட்டாக மடிந்து, ஆனால் சர்க்கார் முத்திரை பளிச்சென்று. "நான் நெசமாவே வாங்கத்தாங்க வந்திருக்கேன். காத்தான் மாதிரி வெளையாட வரல."

"உறுதி சொல்ல..."

தாசில்தார் வாக்கியத்தை முடிக்கவில்லை. எல்லாத் தலைகளும் தாமாகவே முன்வரிசைக்குத் திரும்பின. நாகம்மாளின் பின்னால் தங்கையன் வெள்ளைச் சட்டையில் நின்று, தன் முறைக்காக மூன்றாவது உருப்படியின் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துரைராசு எழுந்தார்.

"ஆமா" என்றார். "அவங்க நிலம்தான்." ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, யாரும் கேட்காமலே சேர்த்தார். "பயிரும்."

மருதையன் இரக்கப்பட்டு அவர் நாற்காலியை அப்புறப்படுத்திச் சுவரோரம் போட்டான். அடிக்கடி எழுந்து உட்காருவது பெரிய மனிதர்களுக்குச் சிரமம் அல்லவா? துரைராசு நின்றபடியே இருந்தார். ஆயில் இஞ்சின் நாகம்மாள் பெயருக்கு மூன்று தரம் போயிற்று.

அப்போது வாசல் கேட் கிரீச்சிட்டது. துரைராசு திடுக்கிட்டுத் திரும்பினார். மாமியார் தர்மாம்பாள் போய்ச் சேர்ந்து எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, பாடையை அவர்தான் முன்னால் நின்று தூக்கினார். எல்லாம் தெரிந்தும், இன்றைய நிலவரத்தில், கேட்டைத் தள்ளிக்கொண்டு வருவது ஒரு ஆடுதான் என்று கண்ணால் பார்க்கும்வரை அவருக்கு நிச்சயமில்லை.